அட்டையின் பின்பக்கத்து விலை

ஒரு மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளித் தாளில் பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம், உரிம எண், தயாரித்தவரின் முகவரி, கடைசியில் எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலை. விலையைத் தவிர மற்ற ஒவ்வொன்றுக்கும் யாரோ ஒருவர் பொறுப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. உரிம எண்ணை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கொடுத்திருக்கிறது. காலாவதி மாதம், மருந்தைச் சூட்டிலும் ஈரத்திலும் வைத்துச் சோதித்துக் கண்டது. உள்ளே இருக்கும் மருந்து அளவில் குறைந்தால் ஆய்வாளர் மாதிரி எடுத்து வழக்குப் போடலாம். விலை மட்டும், அரசின் உச்சவரம்புக்குள் வராத மருந்தாக இருந்தால், நிறுவனம் தானாக முடிவு செய்து அச்சடித்தது. ஏன் இந்த எண், ஏன் இதில் பாதி இல்லை என்று கேட்க ஆள் கிடையாது. கவுன்டருக்கு வெளியே நிற்பவர் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடிப் படிப்பதோ அந்த ஒரு வரியைத்தான்.

மருந்துக்கடைத் தொழிலில் இருக்கிற எங்களுக்கு அந்த வரியைப் பற்றித் தெரிந்தது, வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்ததிலிருந்து வேறு. மருந்து விலை அதிகம் என்ற புகார் ஊர் முழுக்க இருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் பேராசை. கம்பெனிக்காரனுக்குப் பேராசை, அல்லது கடைக்காரனுக்குப் பேராசை. பேராசை எல்லா வியாபாரத்திலும் உண்டு. கோயம்பேட்டில் தக்காளி விற்பவருக்கும் கிலோவுக்கு நூறு ரூபாய் வாங்க ஆசைதான். பக்கத்துக் கடைக்காரர் விடமாட்டார். ஆக, கேட்க வேண்டிய கேள்வி வேறு: தக்காளியில் விலையை இறக்குகிற போட்டி, மாத்திரையில் மட்டும் ஏன் விலையை ஏற்றுகிறது? பொருளைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர், பணம் கொடுப்பவர் வேறொருவர் என்று ஆகிவிட்ட சந்தையில், அச்சான விலை வாங்குகிறவருக்காகப் போடப்படுவதில்லை. இடையில் இருப்பவரின் மனத்தைப் பிடிப்பதற்காகப் போடப்படுகிறது. மருந்து விலையின் கோளாறு இங்கேதான் தொடங்குகிறது என்பது என் வாதம். அதிக விலை என்று நான் சொல்வதும் ஒரு குறிப்பான பொருளில்தான். கொடுக்கிற கூடுதல் காசுக்கு, அதைக் கொடுப்பவருக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்றால் அது அதிக விலை.

கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 100 ரூபாய் அச்சான ஒரு அட்டையை எடுத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. வரியைக் கழித்தால் 95 ரூபாய் 24 காசு. வரம்புக்குள் வராத மருந்துக்கு இந்தத் தொழிலின் வழக்கப்படி சில்லறைக் கடைக்கு 20 சதவீதம், மொத்த விற்பனையாளரான ஸ்டாக்கிஸ்டுக்கு 10 சதவீதம். கடையின் பங்கு 19 ரூபாய் போக 76 ரூபாய் 19 காசு. ஸ்டாக்கிஸ்டின் பங்கும் போக நிறுவனத்துக்குப் போய்ச் சேர்வது ஏறத்தாழ 68 ரூபாய் 57 காசு. இது டாக்டர் சீட்டில் பெயர் சொல்லி எழுதும் பிராண்டின் கணக்கு. எங்கள் பேச்சில் ‘எத்திகல்’. இதே மருந்துப் பொருள், இதே அளவு, இதே 100 ரூபாய் அச்சான இன்னொரு அட்டை உண்டு. அதற்கு ‘ஜெனரிக்’ என்று பெயர். நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி வந்து டாக்டரைப் பார்க்காமல், நேராக ஸ்டாக்கிஸ்ட் வழியாகக் கடைக்கு வருவது. அது கடைக்கு 20, 25 ரூபாய்க்கு வந்து சேர்ந்தால் எங்களில் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டோம். அதற்கு மேல் பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று ஸ்கீமும் இருக்கும். 25 ரூபாய்க்குச் சரக்கைக் கொடுக்கிற நிறுவனத்துக்கு அதிலும் லாபம் இருக்கிறது, இல்லாவிட்டால் கொடுக்காது. அப்படியானால் அட்டையில் 100 என்று ஏன் அச்சடிக்கிறது?

அந்த 100 கடைக்காரருக்கு எழுதிய கடிதம் என்பதுதான் பதில். இரண்டு நிறுவனங்கள் ஒரே மாத்திரையை ஒரே 20 ரூபாய்க்குக் கடைக்குத் தருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று 40 என்று அச்சடிக்கிறது, மற்றது 100. நோயாளியின் கண்ணோடு பார்த்தால் முதல் அட்டைதான் ஜெயிக்க வேண்டும். ஆனால் நோயாளி அலமாரியைப் பார்ப்பதில்லை. எந்த அட்டையை வாங்கி வைப்பது என்று முடிவு செய்பவர் கடைக்காரர். இரண்டாவது அட்டையை அவர் 50 ரூபாய்க்கு, பாதி விலைத் தள்ளுபடி என்று பெருமையாகக் கொடுத்தாலும் 30 ரூபாய் நிற்கும். முதல் அட்டையை முழு விலைக்கு விற்றால்கூட 20 ரூபாய்தான் நிற்கும். நியாயமாக அச்சடித்த நிறுவனத்தின் சரக்கு நகராமல் தூசி படியும். அடுத்த பேட்சில் அதுவும் 100 போடும், அல்லது 110. இங்கே யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. நல்ல நிறுவனம், நல்ல கடைக்காரர் என்று எல்லோரையும் நல்லவர்களாக வைத்தாலும், இந்த ஏணியில் இறங்குகிறவர் தோற்பார். இதற்குச் சட்டமே ஒரு படி எடுத்துக் கொடுக்கிறது. 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, உச்சவரம்பு இல்லாத மருந்தின் விலையை 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. அப்படிப்பட்ட மருந்தை முதன்முதலில் சந்தைக்குக் கொண்டுவரும்போது எத்தனை அச்சடிப்பது என்பதற்குப் பொதுவான வரம்பு எதுவும் இல்லை. பிறகு வேண்டிய அளவுக்கு ஏற்ற முடியாது என்று தெரிந்தவர், முதலிலேயே ஏற்றித்தான் வைப்பார்.

எத்திகல் மருந்தின் வழி வேறு. போய்ச் சேருகிற இடம் ஒன்றுதான். அங்கே தேர்ந்தெடுப்பவர் மருத்துவர். கடைக்காரர் நினைத்தாலும் மாற்ற முடியாது. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் 65ஆவது விதி, சீட்டில் எழுதிய அட்டவணை ‘எச்’ மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுப்பதைத் தடுக்கிறது. அதனால் நிறுவனத்தின் செலவெல்லாம் அந்தப் பேனாவைச் சுற்றியே ஓடுகிறது. மருத்துவர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பொருள்களின் செலவை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்புச் சொன்னது. 2024 மார்ச்சில் மத்திய அரசு மருந்து விற்பனை நடத்தை விதிகளைப் புதிதாக வெளியிட்டது. தீர்ப்பும் விதியும் தேவைப்படும் அளவுக்கு அந்தச் செலவு நடந்திருக்கிறது என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. மருத்துவர் மருந்தின் வேதிப் பெயரையே எழுத வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் விதி கொண்டுவந்தது. அந்த மாதமே நிறுத்தியும் வைத்தது. இதில் கடைக்காரரின் பங்கைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை ஆகாது. எங்கள் கூலி சதவீதத்தில் இருக்கிறது. 50 ரூபாய் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் 10 ரூபாய். 200 ரூபாய் மாத்திரையை எடுத்துக் கொடுத்தால் 40. எடுக்கிற கை ஒன்று, படிக்கிற சீட்டு ஒன்று, சொல்கிற எச்சரிக்கை ஒன்று. வேலை மாறாமல் கூலி மட்டும் விலையோடு ஏறினால், விலை குறைய வேண்டும் என்று மனதார விரும்பும் கடைக்காரரை எங்கே தேடுவது?

இது கவுன்டருக்குள் நின்று யூகித்த கணக்கு மட்டும்தானா என்று கேட்கலாம். நாட்டளவில் நான்கு முறை அந்தக் கூடுதல் விலையை வெட்டிப் பார்த்தாயிற்று. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவரம்பு வைத்தது. மருந்து பூசாத ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாய், மருந்து பூசியதற்கு 29,600 ரூபாய், வரி தனி. அதுவரை அச்சாகியிருந்த சராசரி விலை முறையே 45,000 ரூபாயையும் 1,21,000 ரூபாயையும் ஒட்டி இருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக்கு வரம்பு வந்தது. சராசரியாக 1,58,000 ரூபாய்க்கு மேல் அச்சாகியிருந்த கோபால்ட்-குரோமியம் மூட்டு வரி நீங்கலாக 54,720 ஆனது. 2019 பிப்ரவரியில் 42 புற்றுநோய் மருந்துகளுக்கு வேறொரு முறையைப் பின்பற்றினார்கள். நிறுவனத்தின் விலையைத் தொடவில்லை. முதல் விற்பனைக்குப் பிறகு வழியில் சேரும் வியாபார லாபத்துக்கு மட்டும் 30 சதவீத வரம்பு. சில பிராண்டுகளின் விலை 90 சதவீதம் வரை இறங்கியது. நோயாளிகளுக்கு ஆண்டுக்கு 984 கோடி ரூபாய் மிச்சம் என்று அரசு கணக்குச் சொன்னது. 2021இல், கொரோனா நேரத்தில், பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்த அழுத்தமானி, நெபுலைசர், தெர்மாமீட்டர், குளுக்கோமீட்டர் ஆகிய ஐந்துக்கும் இதே முறையில் 70 சதவீத வரம்பு வைத்தார்கள். அதற்கு முன் விநியோகஸ்தர் விலைக்கும் அச்சான விலைக்கும் இடையிலிருந்த லாபம் 709 சதவீதம் வரை போயிருந்தது என்பது அரசின் அறிவிப்பிலேயே இருக்கிறது. புற்றுநோய் மருந்தும் ஆக்சிமீட்டரும் சொல்கிற சாட்சி எனக்கு முக்கியம். தொழிற்சாலை வாசலில் விலை மாறவே இல்லாமல் அட்டையில் விலை இறங்க முடியும் என்றால், இறங்கிய தொகை எதற்காக அங்கே இருந்தது?

எதிர்ப்பக்கத்துச் சாட்சி நம் ஊரிலேயே இருக்கிறது. 1994இல் தமிழ்நாடு அரசு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்தது. 1995 தொடக்கத்திலிருந்து அது வேலை செய்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை வேதிப் பெயரில் பட்டியல் போட்டு, மாநிலத்துக்கே ஒரே டெண்டராக விட்டு, வந்த சரக்கை ஆய்வகத்தில் சோதித்து, பிறகு கிடங்குகளிலிருந்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிற ஏற்பாடு. விற்பனைக்கு அல்ல என்ற வரியும் அரசு முத்திரையும் அச்சான அந்த அட்டைகளைப் பார்க்காத தமிழர் குறைவு. அவற்றின் கொள்முதல் விலை சில்லறை அட்டையின் விலையில் சிறு பங்கு. அரசு அதிகம் வாங்குகிறது, அதனால் மலிவு என்பது அதில் ஒரு பாதி. மறு பாதி, அங்கே தேர்ந்தெடுப்பவரும் பணம் கொடுப்பவரும் ஒருவரே. எதை வாங்குகிறோம் என்றும் அவருக்குத் தெரியும். அதற்கு எவ்வளவு ஆகும் என்றும் தெரியும். அப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்ததும் அதே நிறுவனங்கள் அதே மருந்துக்குப் போட்டி போட்டு விலையை இறக்குகின்றன. கோயம்பேட்டின் விதி மாத்திரைக்கும் செல்லும். அதற்கான ஆள் எதிரே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2008இல் மத்திய அரசு தொடங்கிய மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு தொடங்கிய முதல்வர் மருந்தகமும் இந்த விதியைச் சில்லறைக்குக் கொண்டுவரும் முயற்சிகள்தான்.

இனி எங்கள் தரப்பு. கடை நடத்துவதற்குச் செலவில்லையா என்று எங்கள் தொழிலில் இருப்பவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம். பார்மசிஸ்டுக்குச் சம்பளம், ரோட்டு மேல் இருக்கும் கடைக்கு வாடகை, இன்சுலினும் தடுப்பூசியும் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க ஃபிரிட்ஜ், கரன்ட் போனால் இன்வெர்ட்டர். மூன்று மாத்திரை கேட்பவருக்கு அட்டையை வெட்டிக் கொடுத்துவிட்டு மீதி ஏழோடு நிற்பது. காலாவதியானதைத் திருப்பி அனுப்பி, அதற்கான கிரெடிட் நோட்டுக்கு மாதக் கணக்கில் காத்திருப்பது. மாதம் ஒருவர்கூடக் கேட்காத மருந்தை, ஒருநாள் யாராவது ஓடி வருவார் என்று வாங்கி வைத்திருப்பது. எத்திகலில் கிடைக்கும் 20 சதவீதத்தில் இதெல்லாம் கட்டுப்படியாவது கஷ்டம், ஜெனரிக்கில் கிடைப்பது அந்த ஓட்டையை அடைக்கிறது என்பார்கள். செலவு உண்மை. ஆனால் அதை யாரிடமிருந்து வசூலிக்கிறோம்? எல்லோரிடமும் சமமாக இல்லை. சீட்டு இல்லாமல் வந்து, காய்ச்சலுக்கும் வயிற்றுவலிக்கும் ஏதாவது கொடுங்கள் என்று கேட்பவரிடமிருந்து. அட்டையின் பெயரைப் படிக்கத் தெரியாதவரிடமிருந்து. ஆஸ்பத்திரிக்குப் போகக் காசில்லாமல் கடைக்கு வந்தவர்தான் கடையின் ஃபிரிட்ஜுக்கும் இன்வெர்ட்டருக்கும் சேர்த்துக் கொடுக்கிறார். கடையின் உழைப்புக்குக் கூலி வேண்டும் என்றால், அதைக் கூலியாகவே கேட்கலாம். மருந்தின் விலை தனி, எடுத்துக் கொடுத்து விளக்கியதற்கு இத்தனை ரூபாய் தனி என்று பில்லில் இரண்டு வரியாகப் போடும் முறை வெளிநாடுகள் பலவற்றில் உண்டு. அப்போது 50 ரூபாய் மாத்திரையும் 200 ரூபாய் மாத்திரையும் கடைக்கு ஒன்றாகிவிடும்.

அச்சான விலையை யார் வாங்குகிறார்கள், எல்லாக் கடையிலும் தள்ளுபடி இருக்கிறதே என்பது அடுத்த எதிர்வாதம். 10 சதவீதம், 15 சதவீதம், 20 சதவீதம் என்று கடை வாசலில் தொங்கும் பலகைகளைப் பார்த்தால் சந்தை தானே சரிசெய்துகொள்வது போலத்தான் தெரியும். தள்ளுபடி கிடைப்பது கேட்கத் தெரிந்தவருக்கு. இரண்டு கடை ஏறி இறங்க நேரமும் தெம்பும் உள்ளவருக்கு. ராத்திரி ஒரு மணிக்குக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருபவர் பேரம் பேசுவதில்லை. உள்நோயாளியாகப் படுத்திருப்பவருக்கு வேறு கடையே இல்லை. வார்டுக்கு வரும் ஊசியும் சலைன் பாட்டிலும் அச்சான விலையிலேயே பில்லில் ஏறும். 2018 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம் தில்லி வட்டாரத்தின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் பில்களை ஆராய்ந்து, லாபம் 1,737 சதவீதம் வரை போனதாக அறிக்கை வெளியிட்டது. யார் அதிகம் தவிக்கிறாரோ அவருக்கு முழு விலை, யார் நிதானமாக நிற்கிறாரோ அவருக்குத் தள்ளுபடி என்று வேலை செய்யும் ஏற்பாட்டை எப்படித் திருத்தம் என்று சொல்வது? தள்ளுபடிக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. 100 அச்சான அட்டையை 50க்கு வாங்கியவர் 50 ரூபாய் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு போகிறார். 40 அச்சான அட்டையை 40க்குக் கொடுக்கும் கடையை, காசில் கறாரான கடை என்கிறார். பலகை பெரிதாகப் பெரிதாக அச்சான எண்ணும் பெரிதாக வேண்டியிருக்கிறது. பிறகு அந்த எண்ணிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடிவதில்லை.

விலை குறைந்தால் தரம் குறையும் என்பது மூன்றாவது. இதைப் படித்தவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். தரத்துக்குச் செலவாகும் என்பதில் சந்தேகமில்லை. நல்ல மூலப்பொருள், சுத்தமான காற்று, ஒவ்வொரு பேட்சுக்கும் சோதனை, ரத்தத்தில் ஒரே அளவுக்குச் சேர்கிறதா என்று பார்க்கும் ஆய்வு. தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்கு அந்த ஆய்வு இல்லாமல் உரிமம் இல்லை என்று 2017 ஏப்ரலிலிருந்து விதி இருக்கிறது. இந்தச் செலவெல்லாம் தொழிற்சாலை வாசலுக்கு உள்ளே நடப்பது. 25 ரூபாய்க்கு வெளியே வந்த அட்டையில் தரத்துக்கான காசும் அந்த 25க்குள்தான் இருக்கிறது. மீதி 75 வாசலுக்கு வெளியே சேர்ந்தது. அதில் ஒரு காசுகூட மூலப்பொருளைச் சோதிக்கத் திரும்பிப் போவதில்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். அந்தப் பாட்டில் மருத்துவர் எழுதிய சீட்டுக்குத்தான் பல வீடுகளுக்குப் போனது. எழுதிய பேனாவும் அச்சான விலையும் உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் ஆகமாட்டா; ஆய்வாளரின் மாதிரிக் குப்பி ஒன்றே ஆகும். புது மருந்தைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிச் செலவு என்பது வேறு வழக்கு. காப்புரிமை உள்ள மருந்துக்கு அது பொருந்தலாம். அங்கேயும் எல்லை உண்டு என்பதை, மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற சோராஃபெனிப் என்ற புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்கு விற்க 2012இல் இந்தியா கொடுத்த கட்டாய உரிமம் காட்டியது. காப்புரிமை முடிந்து பல ஆண்டுகளான சர்க்கரை மாத்திரைக்கும் அமில மாத்திரைக்கும் ஆராய்ச்சியைக் காரணம் சொல்ல வழியில்லை.

நான்காவது எதிர்வாதம்தான் கனமானது. விலையை அமுக்கினால் சரக்கே காணாமல் போகும் என்பது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கவுன்டரில் ‘ஷார்ட்’ என்று சொல்லிச் சலித்தவர்கள் நாங்கள். 2019 டிசம்பரில் ஆணையமே 21 மருந்து வகைகளின் உச்சவரம்பை 50 சதவீதம் உயர்த்தியது. பி.சி.ஜி. தடுப்பூசியும் பென்சிலினும் அந்தப் பட்டியலில் இருந்தன. கட்டுப்படியாகவில்லை, தயாரிப்பை நிறுத்துகிறோம் என்று நிறுவனங்கள் கேட்டதன் விளைவு அது. 2024 அக்டோபரில் எட்டு மருந்துகளின் 11 வகைகளுக்கு மீண்டும் 50 சதவீதம் ஏற்றினார்கள். ஸ்டென்ட்டுக்கு வரம்பு வந்தபோதும் சில நிறுவனங்கள் சில உயர்ரகங்களைத் திரும்பப் பெற விண்ணப்பித்தன. கண்மூடித்தனமான தாழ்விலை, உயர்விலை அளவுக்கே கெடுதல். ஆனால் இந்த உதாரணங்கள் எல்லாவற்றிலும் வெட்டு விழுந்தது முழு விலையின் மேல். அது தயாரிப்பாளரின் பங்கையும் அரித்தது. இன்றைய உச்சவரம்பு கணக்கிடப்படும் விதத்திலும் கோளாறு இருக்கிறது. 1995ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை தயாரிப்புச் செலவைக் கணக்கிட்டு, அதன் மேல் 100 சதவீதம் வரை அனுமதித்தது. 2013ஆம் ஆண்டின் ஆணை செலவை விட்டுவிட்டது. சந்தையில் 1 சதவீதமாவது பங்குள்ள பிராண்டுகளின் விலைக்குச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்த்து, அதையே உச்சவரம்பு என்கிறது. ஏற்கெனவே ஏறிப்போன விலைகளின் சராசரியும் ஏறியதாகத்தான் இருக்கும். அதுவும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும். 2022 பட்டியலில் அவை 384. பட்டியலில் உள்ள ஒரு மருந்தோடு இல்லாத ஒன்றைச் சேர்த்து ஒரே மாத்திரையாக்கினால் வரம்பைத் தாண்டி வந்துவிடலாம். இப்படி ஒரு பக்கம் பென்சிலின் செய்பவர் மூச்சுத் திணறுகிறார், மறுபக்கம் கூட்டு மாத்திரை விற்பவர் தாராளமாக இருக்கிறார். வெட்ட வேண்டிய இடம் தொழிற்சாலை வாசலுக்கு இந்தப் பக்கம். 2019இல் 42 மருந்துகளுக்குச் செய்தது அதைத்தான். அதை எல்லா மருந்துக்கும் விரிக்க வேண்டும்.

விரித்தால் ஓட்டை கண்டுபிடிக்க மாட்டார்களா என்று கேட்டால், கண்டுபிடிப்பார்கள். இந்தத் தொழிலில் எத்தனையோ பிராண்டுகள், பெயரை வைத்திருக்கும் நிறுவனம் ஒன்று, மாத்திரையை அடித்துக் கொடுக்கும் தொழிற்சாலை வேறொன்று என்று ஓடுகின்றன. இமாசலத்திலோ உத்தராகண்டிலோ ஒரு ஒப்பந்தத் தொழிற்சாலையில் 8 ரூபாய்க்கு வாங்கியதை, 60 ரூபாய்க்கு விற்பதாக முதல் பில் போட்டுவிட்டு, அதன் மேல் 30 சதவீதம்தான் லாபம் என்று கைகட்டி நிற்கலாம். கூலி சதவீதத்திலேயே இருக்கும்வரை அடிப்படை விலையை ஏற்றுகிற ஆசையும் போகாது. இதற்காக ஏற்பாட்டையே கைவிட வேண்டியதில்லை. இரண்டு இடத்தில் இறுக்கினால் போதும். கணக்கு தொடங்க வேண்டியது மாத்திரை அடித்த தொழிற்சாலையின் பில்லிலிருந்து. விற்கும் நிறுவனத்தின் செலவு அதன் மேல் வெளிப்படையாக ஏறட்டும். வியாபார லாபம் படிப்படியாக அமையட்டும். 10 ரூபாய் அட்டைக்குச் சதவீதம் அதிகமாக, 1,000 ரூபாய் அட்டைக்குக் குறைவாக. மலிவான மருந்தை அலமாரியில் வைப்பதில் கடைக்கு நஷ்டம் இல்லை என்ற நிலை அப்போதுதான் வரும். கடைக்காரரின் நல்ல மனத்தை நம்பி நிற்கும் ஏற்பாட்டைவிட, அவர் கணக்குப் பார்த்தாலும் நோயாளிக்கு நல்லதாகவே முடிகிற ஏற்பாடு உறுதியானது.

அதுவரை ஒரு சிறு வேலையைச் செய்யலாம். 2023 ஆகஸ்ட் முதல் நாட்டின் 300 முன்னணி மருந்து பிராண்டுகளின் மேல் க்யூஆர் குறியீடு கட்டாயமாகியிருக்கிறது. போனைக் காட்டினால் எட்டு விவரங்கள் வர வேண்டும். அடையாள எண், வேதிப் பெயர், பிராண்ட் பெயர், தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், பேட்ச், தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண். போலி மருந்தைக் கண்டுபிடிக்க வந்த ஏற்பாடு என்பதால் விலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒன்பதாவதாக ஒன்றைச் சேர்க்கலாம். இந்த அட்டை தொழிற்சாலையை விட்டு என்ன விலைக்கு வெளியே வந்தது என்பது. அதைப் பார்த்துவிட்டு நோயாளி எங்களிடம் சண்டைக்கு வருவார் என்று எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். வரட்டும். வாடகைக்கும் ஃபிரிட்ஜுக்கும் பார்மசிஸ்டுக்கும் எவ்வளவு என்று அவரிடம் சொல்ல எங்களிடம் கணக்கு இருக்கிறது. சொல்ல முடியாமல் மிஞ்சுகிற தொகை எவ்வளவோ, அவ்வளவுதான் அதிக விலை.